தொலைநோக்கியின் வாசலில் யார் நிற்கிறார்கள்?

தில்லியில் 'ஒதுக்கீடு' என்ற சொல்லுக்கு நல்ல பெயர் கிடையாது. அலைக்கற்றை ஒதுக்கீடு, நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீடு என்று கடந்த இருபது ஆண்டுகளில் அச்சொல் பெற்றுவிட்ட பொருள் அனைவரும் அறிந்ததே. 'முதலில் வந்தவருக்கு முதலில்' என்று வழங்கப்பட்ட 122 தொலைத்தொடர்பு உரிமங்களை உச்ச நீதிமன்றம் 2012-இல் ரத்து செய்தது. 2014-இல் 214 நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீடுகள் அதே கதியை அடைந்தன. கேந்திரிய வித்யாலயப் பள்ளிகளில் ஆண்டுக்குப் பத்து மாணவர்களைச் சேர்க்கப் பரிந்துரைக்கும் உரிமை நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் 2022 வரை இருந்தது. பரிந்துரைக் கடிதம் இல்லாமல் தலைநகரில் எதுவும் நகராது என்று சாமானியன் நம்புவதற்கு இத்தனை காரணங்கள் இருக்கின்றன.

ஆனால், இதே அரசின் பணத்தில் இயங்கும் ஒரு பொதுச்சொத்தின் பங்கீட்டில் மட்டும் அமைச்சரின் கடிதம் செல்லாது. ஏலமும் கிடையாது, முந்தி வந்தவருக்கு முன்னுரிமையும் கிடையாது. யார் கேட்கும் கேள்வி சிறந்தது என்பதே அங்கு அளவுகோல். நாட்டின் வானியல் தொலைநோக்கிகளில் கண்காணிப்பு நேரம் பங்கிடப்படும் முறையைத்தான் இங்கே குறிப்பிட வேண்டியிருக்கிறது.

தொலைநோக்கி என்றால் நாடாளுமன்றத்தில் ரூபாய்க் கணக்குதான் பேசப்படும். ஹவாய்த் தீவில் திட்டமிடப்பட்ட முப்பது மீட்டர் தொலைநோக்கியில் இந்தியா பங்கேற்பதற்கு 2014-இல் மத்திய அமைச்சரவை சுமார் 1,300 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது. 'ஸ்கா' எனப்படும் பன்னாட்டு வானொலித் தொலைநோக்கித் திட்டத்துக்கு 1,250 கோடி ரூபாய்க்கான ஒப்புதல் 2024-இன் தொடக்கத்தில் வெளியானது. அந்த நாள்களில் நாளிதழ்களின் முதல் பக்கத்தில் செய்தி வரும். கட்டி முடித்த பிறகு அதன் வழியே பார்க்கப் போவது யார், அவர்கள் எப்படித் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள் என்ற கேள்வி எழுவதில்லை. அணை கட்டுவதைப் பற்றி ஆண்டுக்கணக்கில் பேசிவிட்டு, மதகைத் திறப்பது யார் என்று கேட்காமலிருப்பதைப் போன்றது இது.

தொலைநோக்கிக்கு விண்ணப்பிப்பது எப்படி என்பதை ஓர் உதாரணத்தோடு பார்ப்பது நல்லது. மகாராஷ்டிரத்தில், புணேயிலிருந்து வடக்கே சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில், நாராயண்காவ் அருகே கோடத் என்ற கிராமம் இருக்கிறது. அங்கு ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டம் கொண்ட 30 அலைவாங்கிகள் சுமார் 25 கிலோமீட்டர் பரப்பில் நிற்கின்றன. அவற்றில் 14 நடுவில் நெருங்கி நிற்க, மற்றவை மூன்று கிளைகளாகப் பிரிந்து செல்கின்றன. இதுதான் ஜிஎம்ஆர்டி எனப்படும் மாபெரும் மீட்டர் அலை வானொலித் தொலைநோக்கி. உதகையில் 1970-இல் மலைச்சரிவையே சாதகமாக்கி வானொலித் தொலைநோக்கியை நிறுவிய கோவிந்த் ஸ்வரூப்தான் இதையும் உருவாக்கினார். 2020-இல் அவர் மறைந்தபோது, தனது சாதனங்கள் வெளிநாட்டவருக்கும் தேவைப்படும் அளவுக்கு வளர்ந்திருந்ததைப் பார்த்துவிட்டே மறைந்தார் எனலாம்.

2002 முதல் ஜிஎம்ஆர்டி உலகின் எந்த ஆய்வாளருக்கும் திறந்திருக்கிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பருவம், அக்டோபர் முதல் மார்ச் வரை மற்றொரு பருவம். ஒவ்வொரு பருவத்துக்கும் சில மாதங்கள் முன்பே அறிவிப்பு வெளியாகும். விண்ணப்பம் என்றால் படிவத்தை நிரப்பிக் கையெழுத்திடுவதன்று. வானத்தில் எந்த இடத்தில், எந்த அலைவரிசையில், எத்தனை மணி நேரம் பார்க்க வேண்டும் என்பதைச் சில பக்கங்களில் நியாயப்படுத்த வேண்டும். கேட்கும் நேரத்தில் அந்தப் பொருளின் மங்கிய குறிப்பலை இரைச்சலுக்கு மேலே தெரியும் என்பதைக் கணக்கிட்டுக் காட்ட வேண்டும். பத்து மணி நேரம் போதும் என்ற இடத்தில் இருபது கேட்டால் கேள்வி எழும்; ஐந்து கேட்டால் எதுவும் தெரியாது என்று நிராகரிக்கப்படும். இதே தகவல் ஏற்கெனவே வேறு யாராலாவது பதிவு செய்யப்பட்டு ஆவணக் காப்பகத்தில் இருந்தால், மறுபடியும் எதற்கு என்பதற்கும் பதில் வேண்டும். முன்பு பெற்ற நேரத்தை வைத்து என்ன செய்தீர்கள் என்பதும் பார்க்கப்படும்.

விண்ணப்பங்களைத் துறை வல்லுநர்கள் மதிப்பிடுவார்கள். பிறகு நேர ஒதுக்கீட்டுக் குழு கூடி, கேட்டதை முழுமையாகத் தருவதா, பாதியாகக் குறைப்பதா, மறுப்பதா என்று முடிவு செய்யும். மறுக்கப்பட்டவர் அடுத்த பருவத்தில் மீண்டும் வரலாம். பலமுறை வந்து பிறகு நேரம் பெற்றவர்கள் உலகின் எல்லா வானாய்வகங்களிலும் உண்டு.

கண்ணுக்குத் தெரியும் ஒளியை நம்பி இயங்கும் தொலைநோக்கிகளில் கட்டுப்பாடு இன்னும் அதிகம். வானொலித் தொலைநோக்கி பகலிலும் பார்க்கும். மேகத்தை ஊடுருவியும் பார்க்கும். ஒளித் தொலைநோக்கிக்கோ இரவு வேண்டும். அதுவும் தெளிந்த இரவு வேண்டும். மங்கலான விண்மீன் மண்டலங்களைப் பார்ப்பவருக்கு நிலவற்ற இரவு வேண்டும். ஆக, அமாவாசையை ஒட்டிய சில நாள்களுக்குத்தான் போட்டி. லடாக்கின் ஹான்லேயில், கடல் மட்டத்திலிருந்து 4,500 மீட்டர் உயரத்தில் நிற்கும் இரண்டு மீட்டர் இமாலயச் சந்திரா தொலைநோக்கிக்கு ஆண்டை மூன்று பருவங்களாகப் பிரித்து விண்ணப்பம் பெறுகிறார்கள். அதைப் பெங்களூரை அடுத்த ஹொசகோட்டையில் அமர்ந்து செயற்கைக்கோள் இணைப்பின் வழியே இயக்குகிறார்கள். நைனிதால் அருகே தேவஸ்தலில் 2016-இல் செயல்பாட்டுக்கு வந்த 3.6 மீட்டர் தொலைநோக்கி, பருவமழை மாதங்களில் கண் மூடிக்கொள்ளும். ஆண்டில் இரு பருவங்கள்தான். ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் 1986-இல் தொடங்கிவைக்கப்பட்ட 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியின் நாள்காட்டியை வடகிழக்குப் பருவமழை தீர்மானிக்கிறது.

ஓராண்டு உழைத்து எழுதிய விண்ணப்பத்துக்கு மூன்று இரவுகள் கிடைத்து, அந்த மூன்று இரவும் மேகம் மூடிவிட்டால் அவ்வளவுதான். நஷ்டஈடு கிடையாது; அடுத்த இரவு அடுத்தவருடையது. மறுபடியும் விண்ணப்பிக்க வேண்டியதுதான். ஆராய்ச்சி மாணவரின் உதவித்தொகைக்கோ காலக்கெடு உண்டு. மேகத்துக்கு அது தெரியாது.

சில நேரங்களில் இரவைத் தள்ளிப் போடவே முடியாது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனுக்கு முன்னால் கடந்து சென்றது. காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கி அன்று அந்தத் திசையில் திரும்பியிருந்தது. கோள் மறைப்பதற்கு முன்பே விண்மீனின் ஒளி மங்கியதை அது பதிவு செய்தது. பறக்கும் வானாய்வகத்திலிருந்து அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டதும் இதையேதான். யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது அவ்வாறுதான் உலகுக்குத் தெரிய வந்தது. அந்த ஓர் இரவு வேறு வேலைக்கு ஒதுக்கப்பட்டிருந்தால், இந்தக் கண்டுபிடிப்பில் காவலூரின் பெயர் இருந்திருக்காது.

எதிர்பாராத நிகழ்வுகளுக்கும் விதியில் இடமுண்டு. 2017 ஆகஸ்ட் 17 அன்று இரு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய ஈர்ப்பலைகள் பதிவானபோது, உலகெங்கும் தொலைநோக்கிகள் அன்றாடப் பணியை நிறுத்திவிட்டு ஒரே திசையில் திரும்பின. ஜிஎம்ஆர்டியும் அவற்றில் ஒன்று. இத்தகைய நேரங்களில் முறைப்படி நேரம் பெற்றிருந்தவர் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். பேருந்தில் முன்பதிவு செய்த இருக்கையை நோயாளிக்குக் கொடுப்பதைப் போல அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

இதற்கு நேர் எதிரான தேவையும் உண்டு. பல்சார் எனப்படும் துடிக்கும் விண்மீன்களை ஆண்டுக்கணக்கில், குறித்த இடைவெளிகளில் தொடர்ந்து பார்த்தால்தான் மிக நீண்ட ஈர்ப்பலைகளின் தடயம் தெரியும். 2023 ஜூன் மாதம் ஐரோப்பியக் குழுவும் இந்தியக் குழுவும் இணைந்து அத்தகைய தடயத்தை வெளியிட்டன. இந்தியாவின் பங்களிப்பு, ஜிஎம்ஆர்டியில் சுமார் மூன்றரை ஆண்டுகள் சேகரித்த தகவல். ஒவ்வொரு பருவத்திலும் 'இன்னும் முடிவு வரவில்லையே' என்று குழு கைவிரித்திருந்தால் இந்தியாவின் பெயர் அந்த ஆய்வில் இடம்பெற்றிருக்காது. உடனடிப் பலன் கேட்கும் காலத்தில் இத்தகைய பொறுமை அரிதானது.

நேரத்துக்கு ஏன் இவ்வளவு போட்டி என்று கேட்கலாம். உலகெங்கும் இதே நிலைதான். ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் நான்காவது சுற்றுக்கு 2024 அக்டோபரில் வந்த விண்ணப்பங்கள் 2,377. கேட்கப்பட்ட நேரம் சுமார் 78,000 மணி. இருந்ததைப் போல ஏறத்தாழ ஒன்பது மடங்கு. ஓராண்டில் இருப்பதே 8,760 மணி நேரம்தான் என்பதை நினைத்தால் நெருக்கடி விளங்கும்.

இந்தியரின் வரிப்பணத்தில் கட்டிய தொலைநோக்கியை வெளிநாட்டவருக்கு ஏன் இலவசமாகத் தர வேண்டும் என்ற கேள்வியும் அவ்வப்போது எழுகிறது. கேள்வியில் தவறில்லை, ஆனால் பதில் எளிது. ஹப்பிளும் ஜேம்ஸ் வெப்பும் எந்த நாட்டவரின் விண்ணப்பத்தையும் ஏற்கின்றன. அவற்றில் இந்தியர் விண்ணப்பிக்கத் தடையில்லை. கதவைச் சாத்தினால் எதிர்வீட்டுக் கதவும் சாத்தப்படும். எதிர்வீட்டில் இருப்பது ஜேம்ஸ் வெப்.

கவலைப்பட வேண்டியது வேறொன்று. 2010 முதல் 2012 வரை ஜிஎம்ஆர்டியைக் கொண்டு வானத்தின் பெரும் பகுதி 150 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அளவிடப்பட்டது. இந்திய நிறுவனத்தின் திட்டம், இந்தியத் தொலைநோக்கி. அந்தத் தகவல் முழுவதையும் புதிய முறையில் சீர்செய்து, 6.2 லட்சம் வானொலி மூலங்களின் பட்டியலாக 2017-இல் வெளியிட்டதோ வெளிநாட்டு நிறுவனங்களில் பணியாற்றிய ஆய்வாளர்கள். காப்பகம் பொதுவானது, அவர்கள் திறமையோடு பயன்படுத்தினார்கள், உலகம் முழுவதும் இன்று அந்தப் பட்டியலைப் பயன்படுத்துகிறது. இதில் யாரையும் குறை சொல்ல இடமில்லை. ஆயினும், விளைந்த நெல்லை அறுக்கப் போதிய ஆள் ஏன் உள்ளூரில் இல்லை என்பதை யோசிக்காமல் இருக்க முடியாது.

இங்குதான் பிரச்னையின் மையம் இருக்கிறது. வரிசை நேர்மையானது, ஆனால் அந்த வரிசையில் நிற்பதற்கே ஒரு தகுதி வேண்டியிருக்கிறது. அந்தத் தகுதியைப் பெறும் வாய்ப்பு நாட்டில் சமமாக இல்லை.

பெங்களூர், புணே, மும்பை போன்ற நகரங்களின் ஆய்வு நிறுவனங்களில் சேரும் மாணவருக்கு, விண்ணப்பம் எழுதுவது மூத்தவர்களின் அருகிலிருந்து தானாகவே படிந்துவிடும் பழக்கம். அடுத்த அறையில் இருப்பவர் சென்ற பருவத்தில் நேரம் பெற்றவராக இருப்பார். எத்தனை மணி நேரம் கேட்பது, எந்த வாக்கியம் மதிப்பீட்டாளரை எரிச்சலூட்டும் என்பதெல்லாம் தேநீர் வேளையில் தெரிந்துவிடும். ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில் தனியாக வானியல் நடத்தும் ஆசிரியரின் நிலை என்ன? வகுப்பு, தேர்வுத் தாள், சேர்க்கைப் பணி, தரமதிப்பீட்டுக் குழுவுக்கான கோப்புகள் ஆகியவற்றுக்குப் பிறகு மிஞ்சும் நேரத்தில் அவர் விண்ணப்பம் எழுத வேண்டும். எழுதிய விண்ணப்பத்தைப் படித்துத் திருத்தம் சொல்ல அருகில் ஒருவரும் இல்லை. நேரம் கிடைத்தாலும், ஜிஎம்ஆர்டியில் ஒரே கண்காணிப்பின் தகவல் நூறு ஜிகாபைட்டைத் தாண்டுவதும் உண்டு. அதைப் பதிவிறக்கவும் அலசவும் துறையில் கணினி வசதி இருக்க வேண்டும். கணினி வாங்கும் கோப்பு பதிவாளர் அலுவலகத்திலிருந்து திரும்பி வருவதற்குள் அடுத்த பருவம் முடிந்துவிடும்.

இந்த இடைவெளியை முன்கூட்டியே கண்டவர் ஜயந்த் நார்லிகர். 2025 மே மாதம் மறைந்த அவர், 1988-இல் புணேயில் ஐயூக்கா மையத்தை உருவாக்கியதன் நோக்கமே பல்கலைக்கழகங்களுக்கு வானியலைக் கொண்டு சேர்ப்பதுதான். பல்கலைக்கழக ஆசிரியர்கள் அங்கு இணை ஆய்வாளர்களாகச் சேர்ந்து விடுமுறையில் வந்து தங்கி ஆராயலாம். 2006-இல் புணே அருகே கிராவலியில் இரண்டு மீட்டர் தொலைநோக்கியும் அமைக்கப்பட்டது. தென்னாப்பிரிக்காவின் சால்ட் தொலைநோக்கியில் ஐயூக்கா பங்குதாரர் என்பதால், அதன் வழியாக இந்தியப் பல்கலைக்கழகத்தினர் அங்கும் நேரம் கேட்க முடியும். 2013-இல் தொடங்கிய 'ராட் அட் ஹோம்' என்ற முயற்சி, கல்லூரி மாணவர்களைக்கூட ஜிஎம்ஆர்டியின் படங்களை அலசப் பழக்கி, அவர்கள் கண்டறிந்தவற்றுக்காகவே தொலைநோக்கி நேரம் கோரும் நிலைக்குக் கொண்டுவந்தது. ஆக, வழி தெரியாமல் இல்லை. நல்ல முயற்சிகள் ஓரிரு தனிமனிதர்களின் ஊக்கத்தில் நிற்கின்றன என்பதுதான் குறை.

மதிப்பீட்டு முறையிலும் செய்ய வேண்டியது இருக்கிறது. இந்தியாவில் வானியலாளர் சமூகம் சிறியது. விண்ணப்பத்தை எழுதியவர் யார், அவருடைய வழிகாட்டி யார், எந்த நிறுவனம் என்பது மதிப்பிடுபவருக்குத் தெரியும் வாய்ப்பு மிக அதிகம். பெயரைப் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள் என்று குற்றம் சாட்டுவது இங்கு நோக்கமன்று. நல்லெண்ணம் கொண்டவர்களின் கண்ணையும் பெயர் மறைத்துவிடும் என்பதற்கு ஹப்பிள் தொலைநோக்கியின் அனுபவமே சான்று. அங்கு ஆண் ஆய்வாளர்களின் விண்ணப்பங்களே சுற்றுக்குச் சுற்று பெண்களுடையதைவிட அதிக விகிதத்தில் வெற்றி பெற்று வந்தன. 2018-இல் விண்ணப்பதாரரின் பெயர் மதிப்பிடுபவருக்கும், மதிப்பிடுபவரின் பெயர் விண்ணப்பதாரருக்கும் தெரியாத முறையைக் கொண்டுவந்தார்கள். அந்தச் சுற்றில் 489 விண்ணப்பங்களில் 40 தேர்வாயின. பெண்களின் வெற்றி விகிதம் 8.7 சதவீதம், ஆண்களுடையது 8.0 சதவீதம். கேள்விகள் திடீரென்று மாறிவிடவில்லை. பெயர் மட்டுமே மறைந்தது. அமெரிக்காவில் பாலினம் செய்த வேலையை இந்தியாவில் நிறுவனத்தின் பெயர் செய்யாது என்று எப்படிச் சொல்ல முடியும்? அரசு நிதியில் இயங்கும் எல்லாத் தொலைநோக்கிகளுக்கும் பெயர் மறைத்த மதிப்பீட்டைப் பொது விதியாக்குவதற்குப் புதிய கட்டடமோ கோடிகளோ தேவையில்லை.

குழுக்களின் இயல்பான பலவீனம் மற்றொன்று உண்டு. பத்துப் பேர் கூடி முடிவெடுக்கும்போது, நிச்சயமாகப் பலன் தரும் விண்ணப்பமே வெல்லும், துணிச்சலானது தோற்கும். 1995 டிசம்பரில் ஹப்பிள் அறிவியல் மையத்தின் அன்றைய இயக்குநர் ராபர்ட் வில்லியம்ஸ், தம் விருப்புரிமையில் இருந்த நேரத்தைக் கொண்டு, சப்தரிஷி மண்டலத்தின் அருகே எதுவுமே இல்லாததாகத் தோன்றிய ஒரு சிறு புள்ளியைப் பத்து நாள்கள் பார்க்க வைத்தார். வீண் வேலை என்று மூத்த அறிஞர்கள் எச்சரித்தார்கள். 342 படங்களைச் சேர்த்தபோது அந்த வெற்றிடத்தில் சுமார் 3,000 விண்மீன் மண்டலங்கள் இருந்தன. 'விருப்புரிமை' என்ற சொல்லும் தில்லியில் கெட்டுப்போன சொல்தான். விதியும் கணக்கும் வெளியே தெரியும் இடத்தில் அதற்கு மதிப்பு உண்டு என்பதை இந்த உதாரணம் காட்டுகிறது.

இவையெல்லாம் அறிவியலாளர்களின் உள்விவகாரம், நாடாளுமன்றத்துக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். கோடத் வட்டாரத்து மக்களிடம் கேட்டால் பதில் கிடைக்கும். புணே–நாசிக் இடையிலான புதிய ரயில் பாதை நாராயண்காவ் வழியாகச் செல்வதாக இருந்தது. ஓடும் ரயிலின் மின்காந்த இடையூறு ஜிஎம்ஆர்டியைப் பாதிக்கும் என்பதால் அந்தத் தடத்தைக் கைவிட நேர்ந்ததை 2025-இல் ரயில்வே அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் தெரிவித்தார். தொலைநோக்கியைக் காப்பது சரியான முடிவு என்பதில் ஐயமில்லை. ஆனால், காய்கறியும் திராட்சையும் விளைவித்துச் சந்தைக்கு அனுப்பும் ஒரு வட்டாரம் ரயிலை இழந்திருக்கிறது. ஹான்லேயைச் சுற்றி ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பகுதி 2022-இல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள கிராமத்தினர் விளக்குகளுக்கு மறைப்பு போடுகிறார்கள். வாகன முகப்பு விளக்கைத் தாழ்த்துகிறார்கள். பிற இடங்களில் வளர்ச்சியின் அடையாளமாக மக்கள் கேட்கும் தெருவிளக்கை இவர்கள் நாட்டுக்காகக் குறைத்துக்கொள்கிறார்கள். வரி செலுத்துவதோடு இத்தகைய விலையையும் கொடுப்பவர்களுக்கு, அந்த இரவுகளை யார் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்க உரிமை உண்டு.

வரப்போகும் ஆண்டுகளில் இந்தக் கேள்வியின் எடை கூடும். ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் எழுந்துவரும் ஸ்கா தொலைநோக்கியில், உறுப்பு நாடுகளுக்கு அவற்றின் பங்களிப்பை ஒட்டியே நேரம் கிடைக்கும். பங்குப் பணத்தைச் செலுத்திவிட்டால் மட்டும் போதாது. பிற நாட்டு ஆய்வாளர்களோடு போட்டியிட்டு ஏற்கத்தக்க விண்ணப்பங்களை எழுதும் ஆய்வாளர்கள் போதிய எண்ணிக்கையில் வேண்டும். பயணச்சீட்டு வாங்கிவிட்டு ரயிலில் ஏறாதவருக்காக வண்டி நிற்காது. மறுபக்கம், முப்பது மீட்டர் தொலைநோக்கியில் இந்தியாவுக்குரிய பத்தில் ஒரு பங்கு இரவுகள் இன்னமும் காகிதத்தில்தான் இருக்கின்றன. மௌனா கியா மலையைப் புனிதமாகக் கருதும் ஹவாய்ப் பழங்குடியினரின் எதிர்ப்பால் 2015-இலும் 2019-இலும் பணி நின்றது. 2025-இல் அமெரிக்க அரசின் அறிவியல் நிதி அமைப்பும் அத்திட்டத்தை அடுத்த கட்டத்துக்குக் கொண்டு செல்லப் போவதில்லை என்றது. வெளிநாட்டு மலையில் எதிர்பார்த்த இரவுகள் தள்ளிப்போகப் போக, உள்நாட்டில் இருக்கும் இரவுகளின் மதிப்பு ஏறுகிறது.

நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் இதைப் பற்றி முழு விவரம் கேட்க முனைந்தால் எங்கே கேட்பது என்பதே சிக்கல். ஹான்லேயும் காவலூரும் தேவஸ்தலும் அறிவியல், தொழில்நுட்பத் துறையின் நிறுவனங்களைச் சேர்ந்தவை. ஜிஎம்ஆர்டி, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் வழியே அணுசக்தித் துறையைச் சேர்ந்தது. 2015-இல் ஏவப்பட்ட ஆஸ்ட்ரோசாட் விண்வெளித் துறையின் பொறுப்பு. ஐயூக்கா பல்கலைக்கழக மானியக் குழுவின் மையம் என்பதால் கல்வி அமைச்சகம். இவற்றில் அணுசக்தியும் விண்வெளியும் பிரதமரின் நேரடிப் பொறுப்பில் உள்ளவை. ஒரே வானத்தைப் பற்றிய ஒரே கேள்வி மூன்று நான்கு மேசைகளுக்குப் பிரிந்து சென்று, வெவ்வேறு வடிவில் பதிலாகத் திரும்பும். துறைகளின் ஆண்டறிக்கைகள் இரு அவைகளிலும் தாக்கல் செய்யப்படுவது உண்மைதான். நூற்றுக்கணக்கான பக்கங்களில் சிதறிக் கிடப்பதைச் சேர்த்துப் பார்க்க எத்தனை உறுப்பினர்களுக்கு நேரம் இருக்கிறது?

வேண்டியது புதிய ஆணையமோ புதிய சட்டமோ அன்று. இந்த நான்கு துறைகளும் சேர்ந்து ஆண்டுக்கு ஒருமுறை ஒரே வடிவிலான ஓர் அறிக்கையை அவையில் வைத்தால் போதும். ஒவ்வொரு தொலைநோக்கிக்கும் எத்தனை விண்ணப்பங்கள் வந்தன, எத்தனை மணி நேரம் கேட்கப்பட்டது, எவ்வளவு தரப்பட்டது, அதில் மாநிலப் பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் பெற்றது எவ்வளவு, முதன்முறையாக விண்ணப்பித்தவர்கள் எத்தனை பேர், மேகத்தாலும் பழுதாலும் இழந்த இரவுகள் எத்தனை என்ற விவரங்கள் அதில் இருக்க வேண்டும். எந்த விண்ணப்பத்தை ஏற்பது என்பதில் அரசியல்வாதிகள் தலையிடக் கூடாது. இன்றுவரை தலையிடாததால்தான் இந்த ஒதுக்கீடு மதிப்போடு நிற்கிறது. யார் பெறுகிறார்கள் என்று பார்ப்பது வேறு, யாருக்குக் கொடு என்று சொல்வது வேறு. இந்த வேறுபாட்டை அவை உணர்ந்து நடக்கும் என்று நம்ப முடியுமா என்று அறிவியலாளர்கள் அஞ்சினால், அந்த அச்சத்திலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் அறிக்கையில் எண்கள் போதும், பெயர்கள் வேண்டாம்.

கூடவே பணம் ஒதுக்க வேண்டிய சிறு செலவு ஒன்றும் உண்டு. தொலைநோக்கி நேரம் பெற்ற பல்கலைக்கழக மாணவருக்குப் பயணச் செலவும், தகவலை அலசக் கணினி நேரமும், முதல் விண்ணப்பத்தை எழுதும்போது அனுபவம் வாய்ந்த ஒருவரின் துணையும் நேர ஒதுக்கீட்டோடு சேர்ந்தே கிடைக்க வேண்டும். நேரத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் பிறவற்றைப் பதிவாளர் அலுவலகத்தின் கருணைக்கு விடுவது, கிணற்றைக் காட்டிவிட்டுக் கயிற்றைத் தராமலிருப்பதற்கு ஒப்பானது. ஆயிரம் கோடிகளில் பேசப்படும் திட்டங்களுக்கு நடுவே இது எந்த நிதித்துறைச் செயலரின் தூக்கத்தையும் கெடுக்கும் தொகையன்று.

ஒவ்வோர் ஆண்டும் பட்ஜெட் கூட்டத்தொடரின் இடைவேளையில், அறிவியல், தொழில்நுட்பத்துக்கான நாடாளுமன்ற நிலைக்குழு இத்துறைகளின் மானியக் கோரிக்கைகளை ஆராய்கிறது. செயலர்கள் நேரில் வந்து விளக்கம் அளிக்கிறார்கள். ஸ்காவுக்கு இதுவரை செலவான தொகை எவ்வளவு என்று அங்கு எவரேனும் கேட்பார்கள். அதே அமர்வில், சென்ற பருவத்தில் கோடத்திலும் ஹான்லேயிலும் தேவஸ்தலிலும் நேரம் கேட்டவர்களில் மாநிலப் பல்கலைக்கழகங்களிலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர் என்பதையும் ஓர் உறுப்பினர் கேட்கலாம்.